எழுத்துக் கூட்டும் வயதில் நின்றுபோகும் கதை

பிள்ளைக்கு வாசிப்பில் நாட்டமே இல்லை என்று குறைப்படும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே வரலாறுதான் இருக்கும். மூன்று, நான்கு வயதில் படப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். இரவில் கதை சொல்லித் தூங்க வைத்திருப்பார்கள். பிறகு பள்ளி வந்தது, எழுத்துகள் வந்தன. ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை எழுத்துக் கூட்டத் தொடங்கியதும், "உனக்குத்தான் படிக்கத் தெரியுமே, இனிமே நீயே படிச்சுக்கோ" என்று புத்தகம் கைமாறியது. அன்றோடு வீட்டில் கதை நின்றது. அதற்குப் பின் புத்தகம் என்றால் வீட்டுப்பாடம், பரீட்சை, "எத்தனை பக்கம் முடிச்சே?" என்ற விசாரணை.

இந்தக் கைமாற்றம்தான் வாசிப்பு விஷயத்தில் நம் வீடுகள் செய்யும் பெரும் பிழை என்று நினைக்கிறேன். அரை நூற்றாண்டாகப் பல நாடுகளில் நடந்துவரும் ஆய்வுகளைத் தமிழ் எழுத்தின் இயல்போடும் தமிழ்ப் பேச்சின் இயல்போடும் சேர்த்து வைத்துப் பார்த்தால், இந்த முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

முதலில் வீட்டில் புத்தகம் இருப்பது. மரியா எவன்ஸும் சக ஆய்வாளர்களும் 27 நாடுகளைச் சேர்ந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்து 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புத்தகமே இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களைவிட, ஐந்நூறு புத்தகங்கள் இருந்த வீட்டில் வளர்ந்தவர்கள் சராசரியாக மூன்று ஆண்டுக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். பெற்றோரின் படிப்பையும் தொழிலையும் கணக்கில் கொண்ட பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை. ஐந்நூறு புத்தகம் நம்மில் எத்தனை வீட்டில் இருக்கும்? அந்த எண்ணைவிட நமக்கு வேண்டியது அதே ஆய்வில் உள்ள வேறொரு செய்தி. இருபது புத்தகம் இருந்தாலே பலன் தெரிந்தது. அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கு அந்தப் பலன் கூடுதலாகக் கிடைத்தது. இருபது புத்தகம் என்பது தினக்கூலி வீட்டுக்கும் சில ஆண்டுகளில் எட்டக்கூடிய இலக்கு.

ஆனாலும் இந்த வகை ஆய்வுகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். புத்தகம் வாங்கும் பெற்றோர் வேறு பலவற்றையும் செய்கிறார்கள். பிள்ளையோடு பேசுகிறார்கள், வெளியே அழைத்துப் போகிறார்கள், கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். இவற்றில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். புத்தகத்தை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்தால் ஒன்றும் நடக்காது என்பது மட்டும் நிச்சயம். புத்தகம் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், கிழிந்தாலும் பரவாயில்லை என்ற நிலையில் கிடக்க வேண்டும்.

அடுத்தது வாசித்துக் காட்டுவது. அமெரிக்காவில் 1985-இல் ரிச்சர்ட் ஆண்டர்சன் தலைமையிலான குழு தந்த புகழ்பெற்ற அறிக்கை, பிற்கால வாசிப்புக்குத் தேவையான அறிவைக் கட்டியெழுப்பப் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டுவதைவிட முக்கியமான செயல் வேறில்லை என்று அடித்துச் சொன்னது. உலகம் முழுக்கப் பெற்றோருக்கான நூல்கள் இதை மந்திரம்போல் திரும்பச் சொல்லின. பத்து ஆண்டுக்குள் மறுப்பும் வந்தது. ஹோலிஸ் ஸ்கார்பரோவும் வாண்டா டாப்ரிச்சும் அதுவரை வந்த ஆய்வுகளை 1994-இல் தொகுத்துப் பார்த்து, பிள்ளைகளின் வாசிப்புத் திறன் வேறுபாட்டில் ஏறத்தாழ எட்டு சதவீதத்தைத்தான் வாசித்துக் காட்டுவதைக்கொண்டு விளக்க முடிகிறது, இவ்வளவு ஆரவாரம் எதற்கு என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் ஆட்ரியானா பஸ் குழுவினர் தாங்களும் ஒரு தொகுப்பாய்வு செய்தார்கள். கிடைத்தது ஏறக்குறைய அதே எட்டு சதவீதம். ஆனால் அவர்கள் எழுதிய முடிவு நேர் எதிரானது: வீட்டில் செய்யும் ஓர் எளிய செயல் இவ்வளவு தருவது பெரிய விஷயம், குடும்பத்தின் பொருளாதார நிலை எதுவானாலும் பலன் கிடைக்கிறது. இரு தரப்பையும் படித்தபின் நான் பஸ் பக்கம்தான் நிற்பேன். காசு செலவில்லாமல், பயிற்சி இல்லாமல், எந்தத் தாயும் தகப்பனும் செய்யக்கூடிய வேறெந்த வேலை இவ்வளவு தருகிறது?

இந்த விவாதம் தெளிவடைந்தது கனடாவின் மோனிக் செனெஷாலும் ஜோ-ஆன் லஃபேவரும் 2002-இல் வெளியிட்ட ஐந்தாண்டு ஆய்வால்தான். வீட்டில் நடப்பதை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். பெற்றோர் எழுத்துச் சொல்லிக் கொடுப்பது ஒன்று, கதை வாசித்துக் காட்டுவது இன்னொன்று. எழுத்துச் சொல்லிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் எழுத்தறிவில் முந்தினார்கள். கதை கேட்ட பிள்ளைகளுக்குச் சொல்வளமும் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஆற்றலும் கூடின. கதை கேட்டது எழுத்தைக் கற்றுத்தரவில்லை, எழுத்துச் சொல்லிக் கொடுத்தது சொல்வளத்தைத் தரவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை நிறுத்தலாம் என்ற கணக்கு இங்கேதான் தப்பாகிறது. எழுத்துத் தெரிந்துவிட்டதால் கதை வேண்டாம் என்பது, பல் முளைத்துவிட்டதால் இனிச் சோறு ஊட்ட வேண்டாம், தானே சமைத்துச் சாப்பிடட்டும் என்பது போன்றது.

கதைப் புத்தகத்தில் அப்படி என்ன இருக்கிறது? ஜெசிகா மாண்டாக் குழுவினர் 2015-இல் நூறு படப் புத்தகங்களின் சொற்களை, பெற்றோர் பிள்ளைகளிடம் சாதாரணமாகப் பேசும் பேச்சோடு ஒப்பிட்டார்கள். புத்தகத்தில் வேறு வேறு சொற்கள் அதிகம் இருந்தன. வீட்டுப் பேச்சு "சாப்பிட்டியா, குளிச்சியா, ஷூ போடு, லேட்டாச்சு" என்ற வட்டத்துக்குள் சுற்றுகிறது. புத்தகம் பனிமலைக்கும் பாதாளத்துக்கும் போகிறது, அங்கே வேண்டிய சொற்களையும் கொண்டுவருகிறது.

இனி, நாட்டம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. நிறைய வாசிப்பதால் திறன் வருகிறதா, திறன் இருப்பதால் நிறைய வாசிக்கிறார்களா? கீத் ஸ்டானோவிச் 1986-இல் எழுதிய கட்டுரையில், விவிலியத்தின் மத்தேயு நூலில் வரும், உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்ற கருத்தையொட்டிய மத்தேயு விளைவு என்ற பெயரை வாசிப்புக்குப் பொருத்தினார். நன்றாக வாசிக்கும் பிள்ளை மேலும் வாசிக்கிறது, மேலும் வளர்கிறது. திணறும் பிள்ளை ஒதுங்குகிறது, பின்தங்குகிறது. இடைவெளி ஆண்டுக்காண்டு அகலுகிறது. சுசான் மோலும் ஆட்ரியானா பஸ்ஸும் 99 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் காட்டியதும் இதைத்தான். பள்ளிக்கு முந்தைய வயதில் மொழித்திறன் வேறுபாட்டில் 12 சதவீதத்தை விளக்கிய வாசிப்பு அனுபவம், கல்லூரி வயதில் 34 சதவீதத்தை விளக்கியது. எல்ஸ்யே ஃபான் பெர்கன் குழுவினர் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டைப் பிள்ளைகளின் தரவைக்கொண்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. ஏழு வயதில் திறன்தான் வாசிப்பின் அளவைத் தீர்மானிக்கிறது, வாசிப்பின் அளவு திறனைத் தீர்மானிப்பதாகத் தெரியவில்லை என்று அது சொல்கிறது. அதாவது அந்த வயதில் படிக்க வராத பிள்ளையிடம் "நிறையப் படி, தானா வரும்" என்று சொல்வதில் பயனில்லை. கஷ்டமாக இருப்பதை யாரும் விரும்பிச் செய்வதில்லை, பிள்ளைகளும் அப்படித்தான்.

திறன் வந்தால்தான் நாட்டம் என்றால், திறன் வரும் வரையான காலத்தில் நாட்டத்தை எது காப்பாற்றும்? தமிழில் இந்தக் கேள்வி ஆங்கிலத்தைவிட வேறு விதமாக எழுகிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்து, தமிழில் 247. உயிரும் மெய்யும் சேரும் முறை பிடிபட்டுவிட்டால் 247-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த முறை பிடிபடுவதற்குக் காலம் எடுக்கிறது. கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், நம்முடையதைப் போன்ற அந்த எழுத்து முறையை முழுமையாகக் கைக்கொள்ளத் தொடக்கப் பள்ளியின் பல வகுப்புகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று 2007-இல் காட்டினார். தமிழிலும் 'கெ', 'கை' எழுதும்போது குறி முன்னால் வருகிறது, ஒலிக்கும்போது பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' என்றால் குறி இருபுறமும் நிற்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. 'பக்கம்', 'பகல்', 'பங்கு' மூன்றிலும் ஒரே ககரம், மூன்று ஒலி. 'பகல்' என்ற சொல்லை முன்பே காதால் கேட்டறிந்த பிள்ளைக்குத்தான் அதைச் சரியாக ஒலிக்க வரும். கேட்டறியாத சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பிள்ளை ஒரு சத்தத்தைத்தான் எழுப்புகிறது, சொல்லைப் பிடிக்கவில்லை.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று "கொக்கு குளத்தில் நின்றுகொண்டிருந்தது" என்ற வரியைப் படிப்பதைப் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். கொ... க்... கு. சரி, கொக்கு. கு... ள... த்... தி... ல். அடுத்த சொல்லில் பத்து எழுத்து. நி... ன்... று... கொ... ண்... என்று விரலை நகர்த்திக்கொண்டே போய்க் கடைசி 'து'வைத் தொடும்போது, குளத்தில் நின்றது கொக்கா குதிரையா என்பது மறந்திருக்கும். முகத்தில் களைப்புத் தெரியும். அடுத்த வரிக்குப் போக மனம் வராது. போதாக்குறைக்கு அந்தப் பிள்ளை வாழ்நாளில் 'நின்றுகொண்டிருந்தது' என்று ஒருவர் பேசிக் கேட்டதில்லை. வீட்டில் எல்லாரும் சொல்வது 'நின்னுக்கிட்டிருந்துச்சு'.

தமிழ் வீடுகளுக்கே உரிய தடை இங்கே இருக்கிறது. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறு வேறு. வெச்சான், வைத்தான். முடியல, முடியவில்லை. பார்த்துட்டு, பார்த்துவிட்டு. பெரியவர்களுக்கு இந்தத் தூரம் தெரிவதில்லை, கடந்து வந்து நெடுநாளாகிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் என்பது பாதி வேற்று மொழி. சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மொழியியலாளர்கள் இரட்டை வழக்கு என்று விவரிக்கும் இந்த நிலைமை அரபு மொழியிலும் உண்டு. வீட்டு அரபு வேறு, நூல் அரபு வேறு. பிள்ளைக்குப் புரியாது என்று அங்கேயும் பெரியவர்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சு வழக்கில் மாற்றிச் சொல்வதுதான் பழக்கமாக இருந்தது. டீனா ஃபைட்டல்சனும் சக ஆய்வாளர்களும் இஸ்ரேலில் அரபு பேசும் மழலையர் வகுப்புகளில் இதை மாற்றிப் பார்த்தார்கள். ஆசிரியர்கள் சில மாதங்களுக்கு நாள்தோறும் நூல் அரபிலேயே கதைகளை வாசித்துக் காட்டினார்கள். மற்ற வகுப்புப் பிள்ளைகளைவிட இவர்கள் நூல் மொழியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள், படத்தைப் பார்த்துக் கதை சொல்வதிலும் முந்தினார்கள். 1993-இல் வெளியான இந்த ஆய்வைத் தமிழ்ப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். பாடத்தில் வரப்போகிற மொழியைப் பாடம் வருவதற்கு முன்பே காதுக்குப் பழக்கிவிட்டால், எழுத்துக் கூட்டும் பிள்ளைக்குப் பாதி வேலை மிச்சம்.

நடைமுறையில் இது எளிது. "நரி மெல்ல நடந்து வந்தது. அதற்குப் பசி தாங்க முடியவில்லை" என்று புத்தகத்தில் இருப்பதை இருப்பதுபோலவே வாசிக்க வேண்டும். "தாங்க முடியவில்லைன்னா?" என்று பிள்ளை கேட்கும். "பசி தாங்க முடியல, ரொம்பப் பசி" என்று சொல்லிவிட்டு மேலே போகலாம். கொஞ்ச நாளில் அது கேட்காது. அதற்கும் கொஞ்ச நாளுக்குப் பின் தம்பிக்குக் கதை சொல்லும்போது, "நரி ஒன்று இருந்தது, அதற்கு ரொம்பப் பசியாம்" என்று இரண்டு தமிழையும் கலந்து தானே சொல்லத் தொடங்கும். எழுத்துத் தமிழ் அதன் சொந்த மொழியாகிவிட்டதற்கு அதுதான் அடையாளம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பேச்சு வழக்கில் கதை சொல்வதும் வேண்டியதுதான். பாட்டி சொல்லும் கதையில் சிரிப்பு, பாட்டு, கேள்வி எல்லாம் உண்டு, கதையின் ஓட்டத்தை அங்கேதான் பிள்ளை கற்கிறது. ஆனால் பாட்டியின் கதை புத்தகத்தின் மொழியைக் கற்றுத்தராது. இரண்டும் வேண்டும்.

அதனால்தான் எழுத்துத் தெரிந்த நாளில் கதையை நிறுத்துவது தவறு என்று சொல்கிறேன். தமிழில் எழுத்துக் கூட்டத் தொடங்குவதற்கும் தடையின்றி வாசிப்பதற்கும் இடையே சில ஆண்டுகள் ஓடுகின்றன. அந்த ஆண்டுகளில் பிள்ளையின் மூளை நாவல் கேட்கத் தயாராக இருக்கிறது, கண்ணோ கொக்கையும் குளத்தையும் தாண்டவில்லை. தானே படிக்க முடிந்தது அதற்கு அலுப்பாக இருக்கிறது, அலுப்பில்லாததைத் தானே படிக்க முடியவில்லை. பெரியவரின் குரல் நடுவில் இல்லாவிட்டால் புத்தகம் என்பதே சலிப்பூட்டும் பொருள் என்று பிள்ளை ஏழு வயதில் தீர்மானித்துவிடுகிறது. இந்தத் தடை எவ்வளவு பரவலானது என்பதற்கு ஏசர் (ASER) என்னும் கல்வி நிலை ஆய்வறிக்கைகள் சான்று. நாட்டின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 2022-இல் 16.3 சதவீதம், 2024-இல் 23.4 சதவீதம். முன்னேற்றம்தான். ஆனாலும் நான்கில் மூன்று பிள்ளைகளுக்கு இன்னும் தானாகப் படிக்க வரவில்லை. அவர்கள் கதை கேட்கவும் வழியில்லை என்றால் புத்தகத்தோடு அவர்களுக்கு என்ன உறவு மிஞ்சும்?

வாசித்துக் காட்டும்போது பேச்சும் நடக்க வேண்டும். க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட சோதனையில், இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு மாதம் புது வகையில் வாசிக்கக் கற்றுத் தந்தார்கள். பெரியவர் ஒரேயடியாகப் படித்துக்கொண்டே போகாமல் நடுநடுவே கேட்க வேண்டும், பிள்ளை சொன்னதைச் சற்று நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்திலேயே பிள்ளைகளின் பேச்சில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. நம் ஊரில் இந்த யோசனையைச் சொன்னால் ஓர் ஆபத்து உண்டு, கேள்வி கேட்பது உடனே பரீட்சையாகிவிடும். "கதையின் நீதி என்ன?", "முயல் ஏன் தோற்றது? சொல்லு பார்ப்போம்" என்று விடை தெரிந்த கேள்விகளையே கேட்பார்கள். பிள்ளையிடம் நமக்கே விடை தெரியாத கேள்வியைக் கேட்க வேண்டும். "நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்பது கேள்வி. பிள்ளை சொல்லும் பதில் எதுவானாலும் சரி. நீதியைக் கேட்பதை அறவே விட்டுவிடலாம்.

இனித் தேர்வு. யார் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது? ஃபுளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று கோடை விடுமுறைகளில், ஒவ்வொரு கோடைக்கும் பன்னிரண்டு புத்தகங்களைப் பிள்ளைகளே கண்காட்சியில் பொறுக்கி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பாடம் இல்லை, பரீட்சை இல்லை. கோடையில் ஏழைப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கும் வழக்கமான சரிவு இவர்களுக்குக் குறைந்தது. அவர்கள் பொறுக்கியவற்றில் சினிமா, தொலைக்காட்சி, பாடகர் பற்றிய புத்தகங்கள் நிறைய இருந்தன. பெரியவர் யாரும் அவற்றை நல்ல நூல் என்று எடுத்துக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரானதைச் சென்னைப் புத்தகக் காட்சியில் எந்த மாலையிலும் காணலாம். 1977 முதல் நடந்துவரும் அந்தக் காட்சியில் பிள்ளையோடு வரும் பெற்றோர் கூட்டம் பெரியது. பையன் ஒரு காமிக்ஸை எடுத்துப் புரட்டிக்கொண்டு நிற்பான். அப்பா விலையைப் பார்ப்பார், உள்ளே பார்ப்பார், "பொம்மை பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? வை அதை" என்று வாங்கி வைப்பார். வீட்டுக்குப் போகும்போது பையில் பொது அறிவு வினா-விடையும் ஆங்கில இலக்கணமும் இருக்கும். அந்த அப்பாவுக்குப் பிள்ளைமேல் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நுழைவுச்சீட்டு வாங்கி, பேருந்து ஏறி, கூட்டத்தில் தோளில் தூக்கி வந்தவர் அவர். ஆனால் பிள்ளையின் கையில் இருந்து அவர் வாங்கி வைத்தது அதன் முதல் புத்தகம்.

காமிக்ஸ் பற்றிய அச்சம் தேவையற்றது. தமிழ்நாட்டில் இன்று ஐம்பது வயதைத் தாண்டிய எத்தனையோ வாசகர்கள் 1972-இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி வழியாகப் புத்தகத்துக்கு வந்தவர்கள். அதற்கு முந்தைய தலைமுறைக்கு 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமா இதழ் இருந்தது. சிறார் எழுத்தாளர் வாண்டுமாமா இருந்தார். அழ. வள்ளியப்பா இருந்தார், குழந்தை எழுத்தாளர்களுக்கென்று 1950-இல் ஒரு சங்கமே அமைத்தவர். அந்தக் காலச் சிறார் பத்திரிகைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை, அந்த இழப்பு சாதாரணமானதல்ல. மாதந்தோறும் பிள்ளையின் பெயருக்குத் தபாலில் ஒரு பத்திரிகை வந்தது. அதற்காகக் காத்திருந்தார்கள், அண்ணன் தங்கைக்குள் யார் முதலில் படிப்பது என்று சண்டை நடந்தது. வாசிப்பைப் பழக்கமாக்கியதில் அந்தக் காத்திருப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

புத்தகமே கிடைப்பதில்லை என்ற சாக்கு இப்போது செல்லாது. 1996-இல் சென்னையில் தொடங்கிய தூலிகா, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப் புத்தகங்களைத் தொடர்ந்து வெளியிடுகிறது. பாரதி புத்தகாலயம் சிறார் நூல்களுக்கென்றே தனி வரிசை நடத்துகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை நிலைவாரியாக இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' ஆகியவை எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு ஓர் அத்தியாயமாக உரக்க வாசித்துக் காட்டத் தக்கவை.

பரிசு கொடுத்துப் படிக்க வைக்கலாமா? மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. படம் வரைவதில் தாமாகவே ஆர்வம் காட்டிய மழலையர் சிலரிடம், வரைந்தால் பரிசுச் சான்று தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரிசு வாங்கிய பிறகு அந்தப் பிள்ளைகள் தாமாக வரைவது குறைந்துவிட்டது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கும் பரிசே பெறாதவர்களுக்கும் அப்படிக் குறையவில்லை. பத்துப் புத்தகம் படித்தால் சாக்லேட், இருபது படித்தால் சைக்கிள் என்ற பேரம் பிள்ளைக்குச் சொல்லித்தருவது, படிப்பது கசப்பு மருந்து, இனிப்பு வேறெங்கோ இருக்கிறது என்பதைத்தான். கொடுத்தே ஆக வேண்டுமானால் இன்னொரு புத்தகம் கொடுக்கலாம்.

ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைக்கு எந்த மொழியில் வாசித்துக் காட்டுவது என்று பலர் குழம்புகிறார்கள். எந்த மொழியில் உங்களால் சிரிக்கவும் கோபப்படவும் குரலை மாற்றிப் பேசவும் முடிகிறதோ, அந்த மொழியில். பெரும்பாலான வீடுகளில் அது தமிழ்தான். தமிழில் கிடைத்த கதை அறிவு ஆங்கிலத்துக்குப் போகாமல் இருக்காது. ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் எழுதிவந்தது இதைத்தான், ஒரு மொழியில் ஆழமாக வேரூன்றிய திறன் அடுத்த மொழிக்குக் கைகொடுக்கும். ஆங்கிலம் வரட்டும் என்று தாமே தட்டுத் தடுமாறும் மொழியில் பெற்றோர் வாசிக்கும்போது, பிள்ளைக்குக் கேட்பது கதை அல்ல, பெற்றோரின் பதற்றம்.

கைபேசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வந்த பாப்லோ டெல்காடோ குழுவின் முடிவு, தகவல் சார்ந்த நூல்களைத் திரையைவிடத் தாளில் படிக்கும்போதுதான் நன்றாகப் புரிகிறது என்பது. கதைகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே அச்சுப் புத்தகம் இல்லாத வீட்டில் கைபேசியில் ஒரு கதையைத் திறந்து பிள்ளையோடு சேர்ந்து படிப்பதில் தவறில்லை. பிள்ளையின் கையில் தனியாகக் கொடுத்துவிட்டுப் போவதுதான் தவறு.

இதுவரை சொன்னதெல்லாம் படித்த பெற்றோருக்குத்தானா? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழித்துவிட்டு வீட்டு வாசிப்பைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. சூசன் நியூமனும் டோனா செலானோவும் ஃபிலடெல்ஃபியா நகரின் பல பகுதிகளில் உள்ள கடைகளை எண்ணிப் பார்த்து 2001-இல் எழுதினார்கள். நடுத்தர மக்கள் வாழும் பகுதியில் பிள்ளை ஒன்றுக்குப் பதின்மூன்று நூல்கள், ஏழைப் பகுதியில் முந்நூறு பிள்ளைக்கு ஒரு நூல். ஆர்வமில்லை என்று பழி சொல்வதற்கு முன் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் படத்தைப் பார்த்துக் கதை சொல்ல முடியும். மூன்றாம் வகுப்பு மகள் படிக்க, "அப்புறம் என்னாச்சு?" என்று அடுப்படியில் இருந்தபடி கேட்க முடியும். கேட்க ஒருவர் இருக்கிறார் என்றால் பிள்ளை படிக்கும். ஆனால் புத்தகத்தை அந்த வீட்டுக்குக் கொண்டுவருவது அரசின் கடமை.

அதற்கு நம்மிடம் அடித்தளம் உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது ஒன்று. அவருடைய முயற்சியால் 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். மாநிலத்தில் நாலாயிரத்துக்கு மேல் பொது நூலகங்கள் இருக்கின்றன. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறார் பிரிவுகள் சிறப்பாக இருக்கின்றன. கிளை நூலகங்களில் நிலைமை அப்படியில்லை. பல இடங்களில் சிறார் நூல்கள் பூட்டிய பீரோவுக்குள் இருக்கின்றன, அல்லது பெரியவர்கள் நாளிதழ் படிக்கும் மேசைக்குப் பின்னால் எட்டாத தட்டில் இருக்கின்றன. கொரோனா ஊரடங்குக்குப் பின் 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, தெருத் தெருவாகத் தன்னார்வலர்களைக் கொண்டுபோனது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் செய்த ஆய்வின்படி, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் பிள்ளைகள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா மாலையில் உட்கார்ந்து கதை படித்துக் காட்டியது வீண்போகவில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்குத் தந்திருப்பதும் நல்ல தொடக்கம். அந்த நூல்கள் வகுப்பறையோடு நின்றுவிடாமல் மாலையில் பிள்ளையின் பையில் வீட்டுக்கு வர வேண்டும்.

இவ்வளவு செய்தும் எட்டு வயதில் எழுத்துகள் குழம்பினால், பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள் இதற்கு வழிகாட்டுகின்றன. இப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் வாசித்துக் காட்டும் குரல் மற்றவர்களைவிட நீண்ட காலம் வேண்டும். அதன் அறிவு எழுத்தின் வாசலில் காத்துக் கிடக்கக் கூடாது.

பதின்ம வயதில் பிள்ளை வாசிப்பை விட்டு விலகினால் பெற்றோர் பதற வேண்டியதில்லை. ஃபிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான டானியல் பென்னாக் 1992-இல் வெளியிட்ட நூலில் வாசகரின் உரிமைகள் பத்து என்று பட்டியலிட்டார். முதல் உரிமை வாசிக்காமல் இருக்கும் உரிமை. பக்கங்களைத் தாண்டிப் படிக்கலாம், பாதியில் விடலாம், படித்ததையே திரும்பப் படிக்கலாம். பெரியவர்களான நாம் நமக்கு இந்த உரிமைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளிடம் மட்டும் தொடங்கியதை முடிக்கச் சொல்கிறோம்.

ஆகவே இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் ஆறு முதல் பத்து வயதுக்குள் பிள்ளை உள்ளவர்களிடம் என் வேண்டுகோள் இது: நின்றுபோன கதையைத் திரும்பத் தொடங்குங்கள். அருகில் உள்ள கிளை நூலகத்தில் பிள்ளையின் பெயரில் உறுப்பினர் அட்டை வாங்குங்கள், புத்தகத்தை அதுவே எடுக்கட்டும். சிறார் நூல்கள் பூட்டியிருந்தால் நூலகரிடம் திறக்கச் சொல்லிக் கேளுங்கள், அந்த நூல்கள் நீங்கள் கட்டிய வரியில் வாங்கியவை. இரவில் கால் மணி நேரம் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை தானே போதும் என்று சொல்லும் வரை நீங்கள் நிறுத்தாதீர்கள்.